இரண்டு வீட்டுக்கு ஏழு பிள்ளைகள்

என் வீட்டு வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்பது எந்த நேரத்திலும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மகன்களும் மகள்களும் பேரப்பிள்ளைகளுமாகக் குனோங் ராபாட் ஊரிலுள்ள என் வீட்டில் வந்து நிறைந்துவிடுவார்கள். எல்லாரும் சாப்பாட்டு மேசைக்கு நகரும்போது நான் மட்டும் வாசலுக்குப் போய் எண்ணிவிட்டு வருவேன். தலைகளை எண்ணலாம்தான். ஆனால் தலைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன, செருப்புகள் ஓரிடத்தில் கிடக்கின்றன. ஜோடி இல்லாமல் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்துவிட்டால் அதன் துணையைக் கண்டுபிடிக்கும்வரை எனக்குச் சோறு இறங்காது.

"யாரும் காணாம போயிடல லா. வந்து உக்காருங்கப்பா" என்பான் மூத்த மகன். அவனுக்கே பேரன் பிறந்துவிட்டான். இன்னும் என் கணக்கில் அவன் ஒரு ஜோடிச் செருப்புதான்.

பிள்ளைகள் வளர வளரக் கவலை குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். தொட்டிலில் இருந்த காலத்தில் எட்டிப் பார்த்தால் போதும், இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். இப்போது காரில் ஏறிப் போனவன் வீடு சேர்ந்தானா என்று தொலைபேசியில் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால், "இப்பத்தானேப்பா கெளம்பினேன், இன்னும் உங்க ரோட்டத் தாண்டல" என்கிறான். மழை பெய்தால் கவலை. பெய்யாவிட்டால், எல்லாரும் வேகமாக ஓட்டுவார்களே என்று கவலை. தகப்பன் வேலைக்கு ஓய்வு வயது வைக்காமல் விட்டுவிட்டார்கள். அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

இப்படி எதையும் எண்ணிவைக்கிற என்னிடம், உடன்பிறந்தவர்கள் என்னோடு சேர்த்து எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் மட்டும் சட்டென்று பதில் வராது. சில சமயம் நாலு பேர் என்பேன், சில சமயம் ஏழு. பெண் பார்க்கப் போன இடத்தில் நான் ஒன்று சொல்ல, அக்கா ஒன்று சொல்ல, பெண்ணின் தகப்பனார் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இரண்டு விடையும் சரிதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு காலைப்பொழுது இருக்கிறது.

அப்போது நாங்கள் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஜப்பான்காரர்கள் வந்தபின் வெள்ளைக்காரத் துரை போய்விட்டார், பால்வெட்டும் ஏறக்குறைய நின்றுவிட்டது. மரங்களின் இடைவெளியில் மரவள்ளி நட்டுத் தின்றோம். காலையிலும் கிழங்கு, இரவிலும் கிழங்கு. சட்டை கிழிந்தவர்கள் சாக்கைத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எங்களை வரிசையாக நிறுத்தி ஜப்பானிய எண்களைக் கற்றுக்கொடுத்தார். அவர் "பங்கோ!" என்று கத்தியதும் வரிசையில் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். இச்சி, நீ, சான், சி, கோ என்று ஒன்று, இரண்டு, மூன்றாக அது ஓடும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. பசியை மறந்து செய்யக்கூடிய காரியம் அந்தக் காலத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

அந்த விளையாட்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பா அதைத் தமக்கென்று எடுத்துக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்று, காலால் தரையை உதைத்து, "பங்கோ!" என்று அப்பா கத்துவார். எங்கிருந்தாலும் ஓடிவந்து நிற்போம். அக்கா இச்சி, நான் நீ, தம்பி சான். இடுப்பில் துணியில்லாத தங்கை சி. எண்ணிக்கை சரியாக இருந்தால் அப்பா தலையை ஆட்டி, "கெழங்கு தின்னப் போலாம்" என்று உத்தரவு கொடுப்பார். அம்மாவுக்கு இது பிடிக்காது.

"இருக்கறது நாலு. அதுக்கு ஒரு பெரட்டா?" என்பாள். காலையில் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் நாங்கள் பெரட்டு என்போம்.

"வெள்ளக்காரன் எந்தலைய எண்ணினான். ஜப்பான்காரன் எண்றான். நான் எண்றதுக்கு நாலு தல இருந்துட்டுப் போவட்டுமே" என்பார் அப்பா.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி அப்பா சொல்லாத நாள் இல்லை. அவர் பால்வெட்டுக்காரர், அதனால் எல்லாவற்றையும் ரப்பர் மரத்தோடு ஒப்பிடுவார். "மரத்தக் கீறினா பால் வருது, கொண்டுபோய் நிறுத்துப் போடலாம். பிள்ளைய அடிச்சா கண்ணுத் தண்ணிதான் வருது. அத எந்த வாளியில புடிக்கறது? அதனாலதான் நான் அடிக்கறது இல்ல" என்பார். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். "அப்பன்னா என்னான்னு நெனச்சீங்க? அசந்து தூங்கறப்போ தண்ணி கேக்கறதுக்கு ஒரு ஆளு" என்பார். அதற்கு அம்மாகூடச் சிரித்துவிடுவாள், ஏனென்றால் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது அவள்தான்.

எங்கள் லயத்திலேயே கோயில் பக்கத்துக் கடைசி வீட்டில் மாமா இருந்தார். சொந்த மாமா இல்லை. அப்பாவோடு ஒரே கப்பலில் வந்தவர். கப்பலிலேயே ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தார்களாம், அதற்குப் பிறகு மாற்றவில்லை. அப்பா எவ்வளவு பேசுவாரோ அவ்வளவு குறைவாக மாமா பேசுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர். எதையாவது கணக்குப் பார்க்க வேண்டுமென்றால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்குவார். நடுவில் யாராவது பேசிவிட்டால் எல்லா விரல்களையும் நீட்டி மறுபடியும் தொடங்குவார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. அத்தை, ஜப்பான்காரர்கள் வந்த முதல் மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போயிருந்தாள். மாமாவுக்கு மூன்று பிள்ளைகள். என்னைவிடக் கொஞ்சம் பெரியவளான ஒரு பெண், என் வகுப்பில் படித்த ஒரு பையன், சளியொழுகும் மூக்கோடு மாமாவின் காலைக் கட்டிக்கொண்டே திரியும் ஒரு சின்னவன்.

சயாமுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு முதலில் நல்ல செய்தியாகத்தான் வந்தது. ரயில் பாதை போடும் வேலை, சம்பளம் உண்டு, அரிசி உண்டு என்றார்கள். கல்யாணமாகாத இளைஞர்கள் அரிசிக்காகவே பெயர் கொடுத்துப் போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் தாமாகப் போகவில்லை. லாரி வந்தால் ஆண்கள் காட்டுக்குள் ஓடினார்கள். ஓடினால் பெண்டாட்டியை அடிக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஓடுவதும் நின்றது. இரவில் நாய் குரைத்தால் லயம் முழுவதும் எழுந்து உட்கார்ந்துவிடும். அப்பாவுக்குத் தூக்கமே போயிற்று. நாங்கள் வரிசையாகப் படுத்திருக்க, அவர் கதவுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பார். "உக்காருங்களேன்" என்று அம்மா சொல்வாள். உட்காருவார். உடனே எழுந்துவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் பத்து காஜாவுக்குப் போய்வந்த ஒருவர் புதிய சேதி ஒன்று கொண்டுவந்தார். ஐந்து பிள்ளைகளுக்கு மேல் இருக்கிற வீட்டில் ஆள் எடுப்பதில்லையாம். யார் சொன்னது, எங்கே சொன்னது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அதைப் பிடித்துக்கொள்ள அத்தனை கைகள் நீண்டன.

மாமா அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, பேசாமல் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார்.

"எத்தன வாட்டி மடக்குனாலும் அங்க மூணுதான், இங்க நாலுதான். ரெண்டு பேருக்கும் பத்தாது" என்றார் அப்பா.

"அப்ப போவ வேண்டியதுதானா மச்சான்?"

"விரல விடு. நான் சொல்றதக் கேளு. ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களயும் சேத்தா ஏழு. மொதல்ல ஒன் வீட்டு வாசல்ல ஏழு பேரும் நிக்கட்டும். அவன் பாத்துட்டு அடுத்தடுத்த வீடா வாரதுக்குள்ள, பிள்ளைங்க பின்னால அடுப்படிப் பக்கமா ஓடியாந்து என் வீட்டு வாசல்ல நிக்கட்டும். ஒனக்கும் ஏழு, எனக்கும் ஏழு."

"மூஞ்சிய அடையாளம் கண்டுக்கிட்டான்னா?"

"நமக்கு ஜப்பான்காரன் எல்லாரும் ஒரே மூஞ்சியாத்தான தெரியறான்? அவனுக்கும் நாம அப்படித்தான் தெரிவோம்."

மாமா மடக்கியிருந்த விரல்களை நீட்டினார். பிறகு சிரித்தார். அத்தை இறந்தபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "பிள்ளைங்கள வெச்சா வெளையாடப் போறீங்க?" என்றாள்.

"பிள்ளைங்கள வெச்சு வேற என்னா பண்ண முடியுது, சொல்லு" என்றார் அப்பா.

அன்று முதல் எங்கள் வாசலில் ஏழு பேருக்குப் பெரட்டு நடந்தது. அக்கா இச்சி, மாமா மகள் நீ. இரண்டாவதாக இருந்த நான் மூன்றாவதாக இறங்கினேன். அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. மாமாவின் நடுப்பையன் சி, தம்பி கோ, சின்னவன் ரொக்கு. கடைசியாகத் தங்கை "சிச்சி" என்று சொல்ல வேண்டும். அசிங்கத்தில் கை வைக்கும்போதெல்லாம் அம்மாவிடம் அவள் கேட்டுக் கேட்டுப் பழகிய சொல்லே அந்த எண்ணாக அமைந்ததால் அவளுக்கு அது சிரமமில்லாமல் வந்தது. சின்னவன்தான் படுத்தினான். வரிசையில் நிற்க வைத்தால் மாமாவின் காலைத் தேடி ஓடிவிடுவான். அவனை நிறுத்தினால் தம்பி உட்கார்ந்துவிடுவான். தம்பியைத் தூக்கி நிறுத்துவதற்குள் தங்கை மண்ணைத் தின்றுகொண்டிருப்பாள்.

"ஏழு பிள்ளைங்கள ஒரே நேரத்துல நேரா நிறுத்தறவன் சயாமுக்குத் தண்டவாளமே போட்டுருவான்" என்று அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. மாமா வீட்டு வாசலில் நிற்கும்போது அவரை என்னவென்று கூப்பிட வேண்டும்?

"கூப்பிடவே வேணாம். பெத்த அப்பன யார்றா கூப்புடுறீங்க? கெழங்கு வேணும்னாதான கூப்புடுறீங்க" என்றார் அப்பா. பிறகு எல்லாரையும் பார்த்து, "வாயத் தொறந்தா எண்ணு மட்டும்தான் வரணும். அப்பா, மாமா, அம்மா, அத்த, ஒண்ணும் வரக்கூடாது. வெளங்குதா?" என்றார். விளங்கியது என்று தலையாட்டினோம். சின்னவன் மட்டும் மாமாவின் முழங்காலுக்குப் பின்னால் இருந்தான்.

லாரி ஒரு காலையில் வந்தது. பெரட்டு மணியாகத் தொங்கவிட்டிருந்த இரும்புத் துண்டை யாரோ விடாமல் அடித்தார்கள். எல்லாரும் அவரவர் வீட்டு வாசலில் குடும்பத்தோடு நிற்க வேண்டும் என்று உத்தரவு. நாங்கள் திட்டப்படி அடுப்படி வழியாக மாமா வீட்டுக்கு ஓடினோம். தோட்டத்தில் எது நடந்தாலும் கோயில் பக்கத்திலிருந்துதான் தொடங்கும். அரிசிப் பங்கீடு, அம்மை ஊசி எல்லாம் அப்படித்தான். எல்லாரும் மாமா வீட்டு வாசலில் நின்று, எச்சிலால் முகம் துடைத்துவிடப்பட்டு, வரிசை பிடித்தபோதுதான் அப்பா மூச்சிரைக்க வந்து எங்களைப் பார்த்துக் கையை வீசினார். ஆள் பிடிக்க வந்த ஜப்பான்காரர் கிணற்றுப் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டார். லயத்தின் மறுகோடியில், கிணற்றுப் பக்கமாக இருந்தது எங்கள் வீடு.

மறுபடியும் அடுப்படி வழியாக ஓடி வந்தோம். மூன்று வாசலுக்கு அப்பால் அவர் வந்துகொண்டிருந்தார். குள்ளமான அதிகாரி, கையில் ஒரு மெல்லிய குச்சி. பின்னால் இரண்டு சிப்பாய்கள். பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டவர், ஜப்பான் பாஷை கொஞ்சம் பழகியவர், தோட்டத்தில் யாருக்கு எத்தனை பிள்ளை என்று அறிந்த ஒரே ஆள். இரண்டு பிள்ளைகளோடு நின்ற ஒருவரைக் குச்சி தொட்டது. அவர் லாரியில் ஏறினார். கல்யாணமாகிப் பிள்ளையில்லாத ஒருவரைத் தொட்டது. அவருடைய மனைவி தரையில் விழுந்து அழுதாள்.

எங்கள் வாசலில் ஏழு பேர் நின்றோம். அதிகாரி எங்களைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா இடுப்பு மடியக் குனிந்து வணங்கினார். கிராணியின் கண் எங்கள் வரிசையில் ஒவ்வொரு தலையாக ஊர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு விட்டிருந்தால் குச்சி நகர்ந்துபோயிருக்கும் என்று பிற்காலத்தில் அம்மா நூறு முறை சொன்னாள். ஆனால் இத்தனை நாள் பயிற்சி கொடுத்த அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. பயமா, பெருமையா, தெரியவில்லை. காலால் தரையை உதைத்தார்.

"பங்கோ!"

இச்சி, நீ, சான், சி, கோ, ரொக்கு என்று தடங்கலில்லாமல் ஓடியது. தங்கை, "சிச்சி!" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே முடித்தாள்.

அதிகாரியின் முகம் மாறியது. இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தோம். கைதட்டினார். குனிந்து தங்கையின் கன்னத்தைக் கிள்ளினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய தகர டப்பாவை எடுத்துக் குலுக்கினார். ஒவ்வொரு உள்ளங்கையிலும் ஒரு சிவப்பு மிட்டாய் விழுந்தது. சர்க்கரை என்ற பொருளையே நாங்கள் மறந்திருந்த காலம். தங்கைக்கு மிட்டாய் என்றால் என்னவென்றே தெரியாது. நடுப்பையன் வாயில் போட்டதைப் பார்த்துத்தான் போட்டாள்.

குச்சி அப்பாவைத் தொடாமல் அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

"ஓடுங்க" என்றார் அப்பா, உதடு அசையாமல்.

அடுப்படிப் பக்கமாக ஓடினோம். வழியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்ததும் ஒரு வார்த்தையும் கேட்காமல் சட்டியை இழுத்து வழி விட்டாள். ஓடும்போதே நானும் நடுப்பையனும் சட்டையை மாற்றிக்கொண்டோம். அக்கா சடையை அவிழ்த்துவிட்டாள். தம்பியின் தலையில் காய்ச்சல்காரனுக்குப் போல ஒரு துண்டைச் சுற்றினோம். எல்லாம் அப்பா சொல்லிக்கொடுத்தபடி நடந்தது. மிட்டாயைப் பற்றி அவர் எதுவும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

மாமா வீட்டு அடுப்படியில் மாமா மகள்தான் முதலில் நின்றாள். தன் வாயிலிருந்ததை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். "எல்லாரும் துப்புங்க. சீக்கிரம் துப்புங்க" என்றாள்.

யாரும் துப்பவில்லை. அக்காகூடத் துப்பவில்லை. நான் என்னுடையதை இடது கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டேன். அப்படி ஒதுக்கினால் தெரியாது என்பது என் எண்ணம்.

அதிகாரி கடைசி வாசலுக்கு வந்தபோது லாரி ஏறக்குறைய நிறைந்திருந்தது. வரிசையை நாங்கள் மாற்றி நின்றிருந்தோம். மாமா குனிந்து வணங்கினார். அதிகாரியின் பார்வை எங்கள் மேல் போயிற்று, போய்விடும் போலவும் இருந்தது. அப்போது தங்கையின் கடைவாயிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மெல்ல இறங்கி, தாடையில் சேர்ந்து, வயிற்றில் சொட்டியது.

அவர் அதைப் பார்த்தார். பையிலிருந்த டப்பாவை எடுத்து அதையும் பார்த்தார். பிறகு தம் வாயைப் பெரிதாகத் திறந்து "ஆ" என்று காட்டினார்.

நாங்கள் ஏழு பேரும் திறந்தோம். ஏழு சிவப்பு நாக்குகள்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிப்பாய்கள் சிரித்தார்கள். கிராணியும் சிரிக்க வேண்டுமென்று சிரித்தார். நானும் சிரித்தேன், காரியம் நன்றாக முடிந்துவிட்டது என்று நினைத்து. சிரிப்பை நிறுத்தாமலேயே அதிகாரி கிராணியின் கன்னத்தில் அறைந்தார். மூக்குக்கண்ணாடி பறந்துபோய் வடிகாலில் விழுந்தது. பிறகு அவர் ஏதோ கேட்டார். இப்போது சிரிப்பு இல்லை.

கிராணி கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "ஆற்ற பிள்ளையள் எண்டு கேக்கிறார். பொய் சொன்னால் ரெண்டு பேரும் லாரியிலதான். யோசிச்சுச் சொல்லுங்கோ."

அப்பா இதற்குள் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார். எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும் அவருடைய வாய் திறந்தது. ஆனால் மாமாதான் பேசினார்.

"எல்லாம் அவரு பிள்ளைங்க, ஐயா. ஏழும் அவரோடதுதான். எனக்குப் பிள்ள குட்டி கெடையாது. பொண்டாட்டியும் செத்துட்டா. நான்தான் கொஞ்ச நேரத்துக்கு இரவல் கேட்டேன்."

கிராணி மாமாவைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பி, மாமா சொன்னதை அப்படியே சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். வெகு சுருக்கமாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. மாமா தவறாகச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் நாலு, அவர் வீட்டில் மூன்று. திருத்தியாக வேண்டும் என்று எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. ஆனால் வாயைத் திறந்தால் எண் மட்டும்தான் வரவேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அது போகட்டும், மீறிவிடலாம். வாயைத் திறந்து பேசினால் மிட்டாய் விழுந்துவிடும். விழுந்தால் நடுப்பையன் எடுத்துக்கொள்வான். அதனால் பேசாமல் இருந்தேன்.

குச்சி மாமாவின் தோளைத் தொட்டது.

அப்போதுதான் சின்னவன் மாமாவை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, "அப்பா!" என்று கத்தினான்.

அதிகாரி திரும்பினார். அப்பா எட்டு வைத்து வந்து சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"அப்பா இங்கதான்டா இருக்கேன். எங்கயும் போவல" என்றார். சின்னவன் அவர் நெஞ்சில் குத்தினான். காலால் உதைத்தான். அப்பா சிரித்த முகத்தோடு கிராணியிடம், "இவனுக்குச் செல்லம் ஜாஸ்திங்க. எப்பவும் இப்படித்தான். சொல்லுங்க அவருகிட்ட" என்றார். கிராணி அதையும் சொன்னார். அதிகாரி அப்பாவின் கன்னத்தில் ஒரு அறை கொடுத்தார், சின்னவன் மேல் படாதபடி கவனமாக. பிறகு லாரியைப் பார்த்து நடந்தார்.

மாமா மகள் எங்கள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை, கூப்பிடவில்லை, ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. தன் தகப்பன் லாரியில் ஏறும்போது ஒரு பெண் இப்படி மரம் மாதிரி நிற்பாளா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மாமாவும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. யாரோ வேற்று வீட்டுப் பிள்ளைகளைத் தாண்டிப் போகிறவர்போல எங்களைத் தாண்டிப் போனார். ஏறுவதற்கு முன் அப்பாவிடம் மட்டும் ஒன்று சொன்னார்.

"அடுப்புல கெழங்கு வேவுது, மச்சான். எறக்கி வெச்சிரு."

அப்பா கிழங்கை இறக்கி வைத்தார். அதை எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்து, எங்கள் கிழங்கோடு சேர்த்து, அம்மா ஏழு பங்காக வைத்தாள். அந்த மூன்று பேரும் பிறகு எங்கள் வீட்டிலேயே வளர்ந்தார்கள், எங்கள் வீட்டிலிருந்தே கல்யாணமாகிப் போனார்கள். மூன்று கல்யாணத்துக்கும் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் அப்பாதான் நின்றார், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒதுங்கி, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டதுபோல. சயாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்குத் திரும்பியவர்களை எண்ண ஒரு கை போதும். அவர்களில் மாமா இல்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று மாலை எனக்கு வேறு கவலை. வழக்கமான நேரம் வந்தது, போயிற்று. அப்பா தரையை உதைக்கவில்லை, பெரட்டு நடக்கவில்லை. சின்னவன் அழுது களைத்து அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். என் மிட்டாய் கரைந்து தீர்ந்துவிட்டிருந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"மாமாவுக்கு மூணு பிள்ளைங்கதானப்பா? ஏன் ஒண்ணும் இல்லேன்னு சொன்னாரு?"

அப்பா சின்னவனின் தலையை மடியில் சரியாக எடுத்து வைத்தார்.

"அவனுக்கு எண்ணத் தெரியாதுடா" என்றார்.

எனக்குச் சமாதானமாயிற்று. விரல்களை மடக்கி மடக்கிக் குழப்பிக்கொள்கிறவர்தானே. யாராவது உட்கார வைத்து முறையாகச் சொல்லிக்கொடுத்திருந்தால் இப்படித் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார். சயாமிலிருந்து வந்ததும் நானே கற்றுக்கொடுத்துவிடுவது என்று முடிவு செய்து, எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு படுத்தேன். இச்சி, நீ, சான். மாமாவுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.